புளித்தால் பணியாரம், பூத்தால் குப்பை

ஆத்தூரில் எங்கள் தெருமுனை மளிகைக் கடை வாசலில் ஒரு குளிர்பெட்டி இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் அதைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருப்பார்கள். பள்ளி விட்டு வரும் ஆசிரியைகள், ஜவ்வரிசி ஆலையில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள், சேலம் பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் என எல்லோரும் எடுப்பது ஒரு கிலோ ஈரமாவு பாக்கெட். பக்கத்துத் தட்டில் பிரெட்டும் அடுக்கியிருக்கிறது. அதை எடுப்பவர்கள் குறைவு. யாராவது எடுத்தால், “வீட்ல யாருக்குங்க காய்ச்சல்?” என்று கடைக்காரர் கேட்பார்.

சென்ற ஆடியில் அந்தக் கேள்விக்கு நானும் பதில் சொன்னேன். அப்பாவுக்குக் காய்ச்சல். பாலில் நனைத்து நான்கு துண்டு சாப்பிட்டார். மறுநாள் கஞ்சி கேட்டார், பிரெட்டை மறந்துவிட்டோம். நான்காம் நாள் பாக்கெட்டைத் திறந்தபோது ஓரமெல்லாம் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. முக்கால் பாக்கெட் அப்படியே குப்பைக்குப் போனது. அதே வாரம் வீட்டில் ஒரு கிண்ணம் இட்லி மாவும் மீந்து புளித்திருந்தது. அம்மா வெங்காயமும் பச்சைமிளகாயும் தாளித்துப் போட்டுப் பணியாரக்கல்லில் ஊற்றினார். ஐந்து பேர் சாப்பிட்டோம்.

வீட்டில் செய்வதா, கடையில் வாங்குவதா என்ற விவாதத்தில் நாம் பணத்தைப் பார்க்கிறோம், ருசியைப் பார்க்கிறோம், கலப்படத்தைப் பார்க்கிறோம். மீந்தால் அது என்ன ஆகும் என்று கேட்பதில்லை. உணவு வீணாவதைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பிரெட்டை வீட்டிலேயே சுட்டுக்கொள்ளும் ஆசைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பயம். மாவைப் பதப்படுத்தச் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட் பற்றி 2016-ல் பெரும் சர்ச்சை எழுந்தது. அந்த ஆண்டே அது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மற்றொன்று 2020 பொதுமுடக்கம். வீட்டில் முடங்கிய நாட்களில் ஈஸ்ட் தேடி அலைந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் மின்சார ஓவன் ஒன்று அப்போதுதான் வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் வீடுகளுக்கு அது சரிப்படவில்லை. 1,200 வாட்ஸ் ஓவனைச் சூடேற்றி ஒரு ரொட்டி சுட்டு எடுக்க 50 நிமிடம் என்றால், ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். 150 வாட்ஸ் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். அந்த மாவு நான்கு பேருக்கு மூன்று நாள் வரும். அந்த ரொட்டி ஒரு வேளைக்கு. கடை பிரெட்டில் பூசணத்தைத் தள்ளிப்போட கால்சியம் புரோப்பியனேட் போன்ற பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டு ரொட்டியில் அது இல்லாததால் சித்திரை வெயிலில் இரண்டு நாள் தாங்குவதே பெரிது. ஃபிரிட்ஜில் வைத்தால் பூசணம் தாமதமாகும்தான். ஆனால் வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகி ரொட்டி வறண்டுபோவது அந்தக் குளிரில்தான் இன்னும் வேகமாக நடக்கிறது. ஃப்ரீசரில் உறைய வைத்தால் தாங்கும். நம் வீட்டு ஃப்ரீசரில் ஒரு முழு ரொட்டிக்கு இடமிருந்தால்.

புளிப்பதும் பூசணம் பூப்பதும் வேறுவேறு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவில் பெருகும் நுண்ணுயிரிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலமே கெடுக்கும் கிருமிகளை அண்டவிடாமல் மாவைக் கொஞ்ச நாள் காக்கிறது. எனவே மாவு ஒவ்வொரு நாளும் அடுத்த பலகாரத்துக்குப் பக்குவமாகிக்கொண்டே போகிறது. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பமோ பணியாரமோ. சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் நீராகாரம்; பால் மீந்தால் தயிர், தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. கம்மங்கூழும் கேழ்வரகுக் கூழும் புளிப்பில் பிறந்தவையே. நம் அடுப்படி மிச்சத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது.

ரொட்டி தின்றே வளர்ந்த நாடுகளிலும் அப்படித்தான் இருந்தது. பிரான்சில் காய்ந்த ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்துச் சுட்டார்கள். அந்தப் பண்டத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்குத் ‘தொலைந்த ரொட்டி’ என்றே பொருள். ரஷ்யாவில் பழைய ரை தானிய ரொட்டியை ஊறவைத்துப் புளிக்கவிட்டு குவாஸ் என்ற பானம் செய்தார்கள். அவர்களின் பாரம்பரிய ரொட்டியே நம் மாவைப் போலப் புளிக்கவைத்துச் சுட்டதுதான். தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்த பிரெட் அந்தக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. ஆலை ஈஸ்ட்டில் உப்பி, துண்டு போடப்பட்டு, மெழுகுத்தாளிலும் பின்னர் பிளாஸ்டிக் உறையிலுமாகத் தனியாக வந்தது. மத்திய அரசே 1965-ல் மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கி பிரெட்டை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. மிஞ்சியதை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முற்றிலும் அப்படிச் சொல்வதும் நியாயமாகாது. இஸ்லாமியத் திருமண விருந்தில் பிரியாணியோடு பிரெட் அல்வா வைக்கிறார்கள். தள்ளுவண்டியில் பிரெட் ஆம்லெட் போடுகிறார்கள். நாமக்கல் முட்டை இருக்க நம் பக்கம் அதற்கென்ன குறை. விற்காத ரொட்டியை ரஸ்க் ஆக்கும் பேக்கரிகளும் உண்டு. அதாவது, தினமும் ரொட்டியோடு புழங்குபவர்களிடம் அதன் இரண்டாம் நாள் பலகாரம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பாக்கெட் வாங்கும் வீட்டில்தான் அது இல்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, உலகில் 2022-ல் 105 கோடி டன் உணவு வீணானதாகவும் அதில் 63.1 கோடி டன் வீடுகளில் போனதாகவும் சொல்கிறது. இந்திய வீடுகளுக்கு அது தரும் மதிப்பீடு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. உலகச் சராசரி 79. இந்த 55 கிலோவில் தின்ன முடியாத தோலும் எலும்பும் கொட்டையும் சேர்ந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் வீண் என்று சொல்ல வேண்டிய தேவை எங்கள் ஆயா காலத்தில் வரவில்லை. வாசலில் கழனித்தொட்டி இருந்தது. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மீந்த சோறு எல்லாம் அதில் விழும். மாடு இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு வந்து வாங்கிப்போவார். ஆத்தூரைச் சுற்றியுள்ள ஜவ்வரிசி ஆலைகள் இன்றும் அந்த முறையில்தான் இயங்குகின்றன: மரவள்ளியைப் பிழிந்து பால் எடுத்த பின் மிஞ்சும் திப்பியைக் காயவைத்துத் தீவனத்துக்கு விற்கிறார்கள். ஆலைக்குத் தெரிந்த வழி நகரத்து வீட்டுக்கு அடைபட்டுவிட்டது. மாடு தெருவை விட்டுப் போனது. கழனித்தண்ணி சாக்கடைக்கும் மிச்சச் சோறு நகராட்சி வண்டிக்கும் போகின்றன. பூசணம் பூத்த ரொட்டியை மாட்டுக்கு வைக்கவும் கூடாது. சில பூசணங்களின் நச்சு பாலிலும் இறங்கும்.

இதையெல்லாம் சொல்லி, பெண்களை மறுபடி ஆட்டாங்கல்லுக்கு அனுப்பும் யோசனை எனக்குத் துளியும் இல்லை. உளுந்தோடு நாலு கொட்டமுத்து (ஆமணக்கு விதை) சேர்த்து ஆட்டிய மாவின் மென்மையைப் புகழ்பவர்கள், ஆட்டியவரின் தோள்பட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயாவின் வலது கை கடைசிவரை முழுதாகத் தூக்க வரவில்லை. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது பல வீடுகளில் அந்த வேலையைக் குறைத்தது. மாவு வாங்குவது அதற்கு அடுத்த படி. அதில் குற்றம் ஏதும் இல்லை; வாங்கிய மாவும் புளிக்கும், அதுவும் பணியாரமாகும்.

எனக்கு ஆதங்கம் வேறிடத்தில். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பிரெட்டுக்கு வரி இல்லை. இட்லி, தோசை மாவுக்கு வரி இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அதை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும், மூன்று நாள் உணவாகும் பொருளுக்கு வரி, நான்காம் நாள் குப்பையாகும் பொருளுக்கு விலக்கு என்றே அந்த ஏற்பாடு அமைந்தது. மாவு பாக்கெட்டின் பிளாஸ்டிக் உறையோ பசை ஒட்டியபடி குப்பையில் கிடக்கிறது. அதைக் கழுவி மறுசுழற்சிக்குத் தருபவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் ஓர் அம்மா கிரைண்டர் வைத்து மாவு ஆட்டி விற்கிறார். தூக்குப்போசியோடு போனால் கால் கிலோகூட அளந்து ஊற்றுவார். விற்காமல் நிற்கும் மாவில் காலையில் வாசலிலேயே தோசை சுட்டு விற்றுவிடுகிறார். அவர் வீட்டிலிருந்து மாவு குப்பைக்குப் போவதில்லை. பேக்கரியில் பன்னை ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் கொடுக்கிறார்கள். பிரெட்டையும் அப்படிக் கொடுக்கலாம். காலையில் சுட்ட ரொட்டியைக் கேட்ட அளவுக்கு அறுத்துக் காகிதத்தில் சுற்றித் தர ஒரு கத்தியும் ஒரு பலகையும் போதும். போன வாரம் அதைப் பேக்கரிக்காரரிடம் கேட்டேன். “நாலு துண்டுன்னு கேட்டு யாருங்க வர்றாங்க?” என்றார். காய்ச்சல்காரர் வீட்டிலிருந்து வருவார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பாக்கெட்டில் போடாத முழு ரொட்டி ஒன்றை எடுத்து அறுக்க ஆரம்பித்தார்.