சர்க்கரை இல்லை என்பதால் சரியாகிவிடுமா?





ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிக்காஹ் விருந்துக்குச் சென்றாலும், பெருநாள் சந்திப்புக்குச் சென்றாலும், பந்தியில் கோலா பாட்டில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். முன்பெல்லாம் அதை வேண்டாம் என்று மறுத்தால் எவரும் வற்புறுத்தியதில்லை. இப்போது வற்புறுத்துவதற்கு ஒரு சொல் கிடைத்திருக்கிறது. “ஹஜ்ரத், இது சுகர் ஃப்ரீ. தாராளமாகக் குடிக்கலாம்.” நீரிழிவுள்ள அத்தாவுக்கும் அதே பாட்டில், ஐந்து வயதுப் பேரனுக்கும் அதே பாட்டில். இந்தச் சொல்லைத்தான் இக்கட்டுரையில் நாம் விசாரிக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். கோலா குடிப்பது ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆகுமாக்கப்பட்டதை ஹராமாக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. ஆயினும், அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் உண்பதற்கும் பருகுவதற்கும் அனுமதி தந்த கையோடு எல்லை மீறுவதையும் தடுக்கிறது. ஆகுமானதா என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், எவ்வளவு, யாருக்கு, எதற்காக என்றும் கேட்பதே மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த முறை.

சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. அந்த அளவு ஒரே பாட்டிலில் முடிந்துவிடுகிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. ஆகவே சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. நீரிழிவுள்ள ஒருவர் சர்க்கரை கோலாவைவிட்டுச் சர்க்கரையற்ற கோலாவுக்கு மாறினால், அது அவருக்குக் குறைந்த தீங்கே. இதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் “குறைந்த தீங்கு” என்ற சொல் விளம்பரத்தில் “நன்மை” ஆகிவிடுகிறது. நமது பந்தியில் அது “தாராளம்” ஆகிவிடுகிறது. நாம் எதிர்ப்பது இந்த மாற்றத்தைத்தான்.

சர்க்கரையை எடுத்துவிட்டால் பாட்டிலில் மிஞ்சுவது தண்ணீர் மட்டுமல்ல. அஸ்பார்டேம், அசிசல்பேம் பொட்டாசியம் போன்ற இனிப்பூட்டிகள் சேர்கின்றன. பாஸ்பாரிக் அமிலம் அப்படியே இருக்கிறது. பல்லின் மேற்பூச்சை அரிக்கும் புளிப்பு, சர்க்கரை இல்லை என்பதால் குறைந்துவிடுவதில்லை. காஃபினும் இருக்கிறது. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டியது. முன்பே நீரிழிவு உள்ளவர்களை அந்தப் பரிந்துரையிலிருந்து அது விலக்கியது. நோயாளிக்கு வைத்த விலக்கை நாம் நோயில்லாத பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.

அதே ஆண்டு ஜூலையில் அஸ்பார்டேம் “புற்றுநோயை உண்டாக்கக்கூடும்” என்ற 2பி பிரிவில் வைக்கப்பட்டது. உடனே வாட்சப்பில் பீதி கிளம்பியது. பீதியும் தவறு. ஆதாரம் குறைவாக உள்ள பொருள்களுக்கான பிரிவு அது. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் மற்றொரு வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய நாள் வரம்பே போதும் என்றது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே நாளில் 9 முதல் 14 கேன்களுக்கு மேல் குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார் என்றும் விளக்கம் தரப்பட்டது. இந்த எண்ணைக் காட்டி நம்மை ஆறுதல்படுத்துகிறார்கள். நாம் கேட்கிறோம்: பந்தியில் பாட்டிலைப் பிடித்திருப்பவன் 70 கிலோ மனிதனா? 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று, நான்கு கேன்களில் வரம்பு வந்துவிடும். ஒரு நாள் குடித்த பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடாது. எனினும், பெரியவரின் உடம்பை அளந்து தைத்த சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு “பொருந்துகிறது” என்பது அறிவாகாது.

இந்த இனிப்பூட்டிகளின் வரலாற்றையும் சற்று எண்ணிப் பாருங்கள். 1963இல் கோகோ கோலா நிறுவனம் ‘டாப்’ என்ற சர்க்கரையற்ற பானத்தை அமெரிக்காவில் இறக்கியது. அன்று பரவலாக இருந்த சைக்லமேட் இனிப்பூட்டிக்கு 1969இல் அங்கே தடை வந்தது. அடுத்து சாக்கரினை நம்பினார்கள். 1977இல் அதன்மீதும் ஐயம் எழுந்து, எச்சரிக்கை வாசகம் கட்டாயமாயிற்று. 2000த்தில் அந்த வாசகம் நீக்கப்பட்டது. 2020இன் முடிவில் டாப் பானமே நிறுத்தப்பட்டது. ஐயம் வந்தது, ஐயம் போனது, பானமும் போனது. ஒவ்வொரு தலைமுறையிலும் “இது பாதுகாப்பானது” என்ற வாக்குறுதி மட்டும் புதிதாக வந்துகொண்டே இருந்தது. தாகத்துக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்காக நமது பிள்ளைகளை ஏன் அந்த வரிசையில் நிறுத்த வேண்டும்?

இனி இரண்டாவது வலைக்கு வருவோம். “லிமிடெட் எடிஷன்.” 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையை ஒட்டி நீல நிறத்தில் பெப்சி வந்தது. 2004இல் வெனிலா கோக் வந்தது. நமது ஊர்ப் பெட்டிக்கடை வரையிலும் அவற்றின் பேச்சு எட்டியது. இன்று எங்கே அவை? 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ‘கோகோ கோலா ஸ்பைஸ்டு’ நிரந்தர வகை என்றே அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அதை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய நிரந்தரத்தின் ஆயுள் ஏழு மாதம்!

தட்டுப்பாடு இல்லாத பொருளுக்குத் தட்டுப்பாட்டை உண்டாக்குவதே இந்த வணிகத்தின் உத்தி. நுங்கு கோடையில் மட்டும் கிடைக்கிறது என்றால் அது பனைமரத்தின் பருவம். வண்ணத்தண்ணீருக்கு ஏது பருவம்? ஆலையில் எந்நாளும் செய்யக்கூடியதை “சில நாள்தான்” என்று சொல்லும்போது, விற்கப்படுவது பானமன்று, கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றம். அந்தப் பதற்றத்துக்கு முதலில் இரையாவது இளைஞர்களின் சட்டைப்பை.

நிறுத்தப்பட்டதையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. நிறுத்தியதைத் திரும்பக் கொண்டுவந்தால் ஏக்கமும் காசாகிறது. 1985 ஏப்ரலில் கோகோ கோலா தன் பழைய சுவையை மாற்றியது. மக்கள் கொதித்தார்கள். 79 நாள்களில் பழையது திரும்பி வந்தது, கொண்டாட்டத்தோடு! நம் நாட்டிலும் பாருங்கள். 1977இல் ஜனதா ஆட்சியின்போது, அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட மறுத்து கோகோ கோலா வெளியேறியது. 1993இல் திரும்பி வந்து, தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகியவற்றை விலைக்கு வாங்கியது. ஃபாண்டாவுக்கு வழிவிட்டு கோல்ட் ஸ்பாட் கடைகளிலிருந்து மறைந்தது. வழக்கொழிந்திருந்த கேம்பா கோலாவை ரிலையன்ஸ் 2022இல் வாங்கி, 2023இல் மீண்டும் இறக்கியது. பத்து ரூபாய்க்கு விற்றது. அதற்குப் போட்டியாக 2025இல் மற்ற இரு பெரிய நிறுவனங்களும் சர்க்கரையற்ற வகைகளைப் பத்து ரூபாய்ச் சிறு பாட்டில்களில் இறக்கின. பெரிய முதலாளிகளின் போட்டி, மக்தபுக்கு வரும் பிள்ளையின் பத்து ரூபாயில் வந்து முடிந்திருக்கிறது.

“அப்படியானால் நம்மூர்ப் பானத்தைக் குடிப்போம்” என்று சிலர் சொல்கிறார்கள். நமது விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க்கும், அது தரும் பவண்டோவும் நமக்கும் பெருமையே. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் விற்பதில்லை என்று அறிவித்தன. கங்கைகொண்டான் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தருவது பற்றிய வழக்கு அப்போது மதுரைக் கிளையில் நடந்துகொண்டிருந்தது. ஆற்று நீரைக் குறித்த அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் புறக்கணிப்பு நிலைத்ததா? இன்று கடைகளின் குளிர்பெட்டிகளைப் பார்த்தாலே விடை கிடைக்கும். பாட்டிலின் பெயரை மாற்றினோம், பழக்கத்தை மாற்றவில்லை. பழக்கம் இருந்ததால் பழைய பெயர்கள் திரும்பி வந்தன. உள்ளூர் முதலாளி வாழட்டும், ஆனால் அவருடைய பாட்டிலிலும் சர்க்கரை சர்க்கரைதான்.

“ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் மட்டும் சர்க்கரை இல்லையா?” என்றும் கேட்பார்கள். இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டம், தான் இனிப்பு என்பதை ஒருபோதும் மறைத்ததில்லை. தன்னைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. நீரிழிவுள்ளவர் அதைக் கண்டால் கையை இழுத்துக்கொள்கிறார். எச்சரிக்கை அதன் இனிப்பிலேயே இருக்கிறது. சர்க்கரையற்ற கோலாவோ அந்த எச்சரிக்கையைத்தான் முதலில் கழற்றி எறிகிறது.

கடை நடத்தும் சகோதரர்களின் நிலையையும் நாம் அறிவோம். குளிர்பெட்டியை நிறுவனம் தருகிறது. அதில் எதை வைப்பது என்பதையும் அதுவே சொல்கிறது. அவர்களைக் கடையை மூடச் சொல்லவில்லை. பாட்டில் வாங்க வரும் சின்னஞ்சிறு பிள்ளையிடம் “இது உனக்கு வேண்டாம்” என்று ஒரு சொல் சொல்ல எந்த நிறுவனமும் தடுக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் அரசு இத்தகைய பானங்களுக்கு 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கிறது. சர்க்கரை இருந்தாலும், வேறு இனிப்பூட்டி இருந்தாலும் வரி ஒன்றே. வரி போடுபவர்கூட இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும்போது, நாம் மட்டும் ஏன் ஒன்றை மருந்தாக்குகிறோம்?

ஜமாஅத் பெரியவர்களிடமும் பெற்றோரிடமும் நாம் கேட்பது மிகச் சிறிது. நிக்காஹ் பந்தியில் தண்ணீரும் மோரும் எலுமிச்சைச் சாறும் முதலில் வரட்டும். கோலா வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அது தானாக வந்து இலையருகே அமர வேண்டாம். நோன்பு திறக்கும் நேரத்தில், பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் இருக்கும் விரிப்பில் அதற்கு இடம் வேண்டாம். பகலெல்லாம் ஆசையை அடக்கியவர், அடக்கிய ஆசையை மஃரிபில் அவிழ்த்துவிடலாகாது. பாட்டிலின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

வயிற்றை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்னது நபிமொழி. ‘ஜீரோ’ என்று எழுதப்பட்ட பாட்டிலும் அந்த வயிற்றில் இடத்தை அடைக்கத்தான் செய்கிறது. நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் போதுமென்ற மனத்தை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.