மூன்றாவது சக்கரம் யாருக்காக?

நம் நாட்டுச் சாலைகளில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஹாரன் அடித்துக்கொண்டு தாமானுக்குள் வரும் ரொட்டிக்காரரின் வண்டி, எரிவாயு உருளை ஏற்றிச் செல்லும் வண்டி, மாற்றுத் திறனாளிகள் ஓட்டும் வண்டி என அவற்றில் பல வகை உண்டு. சிலவற்றில் பின்னால் இரண்டு சக்கரங்கள் இருக்கும். சிலவற்றில் இடப்பக்கம் சைட்கார் பூட்டியிருக்கும். இவை சரக்கை மட்டும் சுமப்பதில்லை. கிளினிக்குக்குப் போகும் தாயார், சந்தைக்குப் போகும் மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை ஆகியோரும் இவற்றில்தான் போகிறார்கள். கார் வாங்க முடியாத குடும்பத்துக்கு இதுதான் கார்.

அந்தப் பயணியைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச விரும்புகிறேன். மூன்று சக்கர வண்டியில் பயணிக்கு வசதி செய்து கொடுக்க நினைக்கும் பலர் இருக்கையின் ஸ்பாஞ்சைத் தடிமனாக்குவதிலிருந்தே தொடங்குகிறார்கள். அது தவறான வரிசை என்பது என் கருத்து. பயணியின் உடலைப் பக்கவாட்டில் தாங்கிப் பிடிப்பதுதான் முதல் வேலை. சுருள்வில்லைச் சரிசெய்வது இரண்டாவது வேலை. மெத்தை அதற்குப் பிறகுதான் வரவேண்டும். ஏன் என்பதற்கான விடை நம் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

சாயாத வண்டி

இரண்டு சக்கர மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும்போது வளைவின் உட்பக்கமாகச் சாய்கிறது. ஓட்டுநரும் பின்னால் இருப்பவரும் அதனோடு சேர்ந்தே சாய்கிறார்கள். அதனால் அவர்கள் உடலில் உணரும் விசை முழுவதும் முதுகுத்தண்டின் வழியாக இருக்கைக்குள் இறங்குகிறது. பக்கவாட்டில் யாரோ தள்ளுவது போன்ற உணர்வு வருவதில்லை.

மூன்று சக்கர வண்டிகளில் பெரும்பாலானவை சாய்வதில்லை. வண்டி நிமிர்ந்தபடியே திரும்புகிறது. பயணியின் உடலோ நேராகப் போகப் பார்க்கிறது. இருக்கை இடுப்பை இழுத்துத் திருப்ப, தோளும் தலையும் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகின்றன. படிவம் 4 இயற்பியலில் நீங்கள் படித்த அதே மையநோக்கு விசைதான் இது.

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். பயணியின் எடை 60 கிலோ, வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்துப் பெறும் முடுக்கம் ஏறத்தாழ 3.5 மீட்டர்/வினாடி². பக்கவாட்டு விசை 208 நியூட்டன். அதாவது 10 கிலோ அரிசிப் பைகள் இரண்டைப் பயணியின் பக்கத்தில் சாய்த்து வைத்ததற்குச் சமம். வேகத்தை 20 கிலோமீட்டராகக் குறைத்தால் அந்த விசை 93 நியூட்டனாகக் குறைகிறது. இப்போது ஒரு பையின் பாரம்கூட இல்லை. வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம், விசை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு காசு செலவில்லாமல் ஓட்டுநர் தரக்கூடிய வசதி இது.

ஓட்டுநருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. வளைவு வருவது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் அமர்ந்தவருக்கு இரண்டுமே இல்லை. 208 நியூட்டனை அவர் இடுப்புத் தசையால் சமாளிக்க வேண்டும். முதுகு வலியுள்ள 65 வயதுத் தாயார் இதை எத்தனை வளைவுகளுக்குச் செய்வார்?

உலகின் பெரிய நிறுவனங்களும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட எம்பி3 என்ற மூன்று சக்கர ஸ்கூட்டரில், முன்னால் உள்ள இரண்டு சக்கரங்களும் வண்டியோடு சேர்ந்து சாயும். கனடாவின் கேன்-ஆம் 2007-இல் கொண்டுவந்த ஸ்பைடர் சாயாது. சாயும் வண்டியில் பக்கவாட்டு விசை பயணியைத் தொல்லை செய்வதில்லை. சாயாத வண்டியில் அந்த விசையைத் தாங்க இருக்கையும் முதுகுச்சாய்வும் கைப்பிடியும் தேவைப்படுகின்றன. இங்கே பட்டறையில் மாற்றியமைக்கப்படும் வண்டிகளில் சாயும் அமைப்பை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நமக்கு இருப்பது இரண்டாவது வழிதான்.

மூன்று தடங்கள்

அடுத்தது சாலைக் குழி. இரண்டு சக்கர வண்டி சாலையில் ஒரே தடத்தில் ஓடுகிறது. சைட்கார் வண்டிக்கு இரண்டு தடங்கள். பின்னால் இரண்டு சக்கரங்கள் உள்ள வண்டிக்கு மூன்று தடங்கள். ஓட்டுநர் முன்சக்கரத்தைக் குழியிலிருந்து லாவகமாக விலக்கிவிடுவார். பின்சக்கரங்களில் ஒன்று அதே குழியில் விழும். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே அமர்ந்திருப்பவர் பயணி.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் வண்டியே ஒரு பக்கமாகச் சரிகிறது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே 1 மீட்டர் அகலம் இருக்கிறது என்போம். ஒரு சக்கரம் 5 சென்டிமீட்டர் உயர்கிறது, சுருள்வில் அதை உள்வாங்கவில்லை. அப்போது சக்கர அச்சிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் தலை 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் ஆடும். தலை அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் ஆட்டம் 2.5 சென்டிமீட்டர்தான். தாழ அமர்ந்தால் ஆட்டம் குறையும் என்பது இவ்வளவு எளிய விகிதக் கணக்கு. இருக்கைக்கு மேல் இன்னொரு மெத்தையைப் போடும்போது நாம் இதற்கு நேர் எதிரானதைச் செய்கிறோம். பயணியை உயர்த்துகிறோம், வண்டியின் ஈர்ப்பு மையத்தையும் சேர்த்தே உயர்த்துகிறோம்.

ஸ்பாஞ்ச் ஏன் போதாது?

மனித உடல் எல்லா அதிர்வுகளையும் ஒரே மாதிரி உணர்வதில்லை. மேலும் கீழுமான அதிர்வில், வினாடிக்கு 4 முதல் 8 முறை ஆடும் அதிர்வுதான் உட்கார்ந்திருப்பவரை அதிகம் வருத்துகிறது. பக்கவாட்டு ஆட்டத்தில் வினாடிக்கு 2 முறைக்கும் குறைவான மெதுவான அசைவே தொல்லை. உடல் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 என்ற அனைத்துலகத் தரநிலை இந்த உணர்திறனைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட அதிர்வுக்கு ஆண்டுக்கணக்கில் ஆளாவது இடுப்பு வலியோடு தொடர்புடையது என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே.

இப்போது ஸ்பாஞ்சுக்கு வருவோம். அதன் மேல் ஒருவர் அமர்ந்ததும் ஸ்பாஞ்சும் ஒரு சுருள்வில்லாகிவிடுகிறது. சாதாரண ஸ்பாஞ்ச் இருக்கைகளின் இயல்பு அதிர்வெண் வினாடிக்கு 4 முறை என்ற அளவில் இருக்கும். சாலையிலிருந்து அதே அதிர்வெண்ணில் ஓர் அதிர்வு வந்தால் ஒத்ததிர்வு ஏற்படும். ஸ்பாஞ்ச் அதிர்வைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். கையால் அழுத்திப் பார்க்கும்போது மெத்தென்று இருக்கும் இருக்கை, ஓடும்போது பயணியைத் துள்ளவைப்பதன் காரணம் இதுதான். ஸ்பாஞ்சுக்கு உரிய வேலை உடலின் எடையைப் பரவலாகத் தாங்குவது. பள்ளம் மேட்டைச் சமாளிப்பது சக்கரத்தின் மேலுள்ள சுருள்வில்லின் வேலை.

உங்கள் வண்டியின் சுருள்வில் அந்த வேலையைச் செய்கிறதா? வீட்டிலேயே தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். சைட்காரை ஜாக்கியால் சக்கரம் தரையிலிருந்து எழும்வரை தூக்குங்கள். சக்கர அச்சுக்கும் பெட்டியின் விளிம்புக்கும் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, பயணியை அமரவைத்து மறுபடியும் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை சென்டிமீட்டரோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். கிடைக்கும் எண்தான் வினாடிக்கு எத்தனை முறை அந்தப் பெட்டி ஆட விரும்புகிறது என்பது. 1 சென்டிமீட்டர் மட்டும் இறங்கினால் விடை 5. உடல் வெறுக்கும் எல்லைக்குள் நேராகப் போய் நிற்கிறது. 4 சென்டிமீட்டர் இறங்கினால் விடை 2.5. அந்த எல்லைக்கு வெளியே வந்துவிட்டோம்.

சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டிய பெட்டியில் ஆளை ஏற்றும்போது வரும் சிக்கல் இங்கே தெளிவாகும். 150 கிலோவைத் தாங்கும்படி போட்ட விறைப்பான சுருள்வில், 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணிக்காக அசையவே மாட்டாது. அவருக்கு மென்மையான சுருள்வில்லும், ஆட்டத்தை அடக்கும் அப்சோர்பரும் தேவை. பெட்டியை ஒருமுறை அழுத்திவிட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தோடு அது அடங்க வேண்டும். பலமுறை ஆடிக்கொண்டே இருந்தால் அப்சோர்பர் ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

இது சொகுசு அல்ல

"மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு எதற்குச் சொகுசு?" என்று சிலர் கேட்கலாம். சொகுசுக்காக நான் இதை எழுதவில்லை. பிடிப்பு இல்லாத பயணி என்ன செய்வார்? வளைவில் ஓட்டுநரின் தோளைப் பற்றி இழுப்பார். அந்த இழுப்பு கைப்பிடிக்குப் போகும், அங்கிருந்து முன்சக்கரத்துக்குப் போகும். காலில் வலுவில்லாமல், கையை மட்டுமே நம்பி வண்டி ஓட்டும் ஒரு மாற்றுத் திறனாளிக்கு இது எத்தனை ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

சைட்கார் வண்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது சைட்காரின் சக்கரம் தரையைவிட்டு எழப் பார்க்கும். உள்ளே அமர்ந்திருப்பவரின் எடைதான் அதைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. அவர் நிலைகுலைந்து ஓட்டுநரின் பக்கம் சரிந்தால் அந்த அழுத்தம் குறையும். பயணி நிலையாக அமர்ந்திருப்பது வண்டி நிலையாக இருப்பதன் ஒரு பகுதி.

பினாங்கிலும் மலாக்காவிலும் பேச்சா எனப்படும் மூன்று சக்கர மிதிவண்டியைப் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் பயணி முன்னால் அமர்வார், மலாக்காவில் பக்கத்தில் அமர்வார். எங்கே அமர்ந்தாலும் அவருக்கு முதுகுச்சாய்வு உண்டு, கைவைக்க இடம் உண்டு, கால் ஊன்றப் பலகை உண்டு, தலைக்கு மேல் கூரையும் உண்டு. பணம் தருபவர் பயணி என்பதால் வண்டியே அவரைச் சுற்றிக் கட்டப்பட்டது. நாம் பேசும் வண்டியில் பயணி பணம் தருவதில்லை. அவர் வீட்டு ஆள். அதனால்தான் அவருடைய இடம் கடைசியில் மிஞ்சிய இடமாகிவிடுகிறது. வீட்டு ஆளுக்கு, பணம் தரும் சுற்றுப்பயணியைவிடக் குறைவாகச் செய்வது முறையா?

பட்டறைக்குப் போகுமுன்

புதிதாக மூன்று சக்கர வண்டி அமைப்பவர்களுக்கும், இருப்பதைச் சீர்செய்ய நினைப்பவர்களுக்கும் என் பரிந்துரை இது.

முதலில் இடுப்பின் இரு பக்கமும் உறுதியான தாங்கல் வையுங்கள். கைப்பிடி மட்டும் போதாது. உடலின் ஈர்ப்பு மையம் இடுப்புக்கு அருகில் இருப்பதால், அங்கே தாங்கினால் குறைந்த முயற்சியில் முழு உடலும் நிற்கும். தோள்பட்டை எலும்புவரை எட்டும், சற்றே பின்சாய்ந்த முதுகுச்சாய்வு வேண்டும். சிறிய கால்மிதிக்குப் பதில், இரு பாதங்களும் தட்டையாக ஊன்றும் அகலமான பலகை நல்லது. முழங்கால் ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கினால் போதும்.

அடுத்து, இருக்கையைத் தாழ்த்துங்கள். முடிந்தவரை பின் அச்சுக்கு நேர் மேலே வைக்காமல், சற்று முன்னால் கொண்டுவாருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் அமர்பவரை வேகத்தடை மேடு குறைவாகவே தூக்கிப்போடும். பிறகு சுருள்வில், அப்சோர்பர், டயர் காற்று ஆகியவற்றைப் பயணியின் எடைக்கு ஏற்பச் சரிபாருங்கள். கடைசியாக, சற்று அடர்த்தியான ஸ்பாஞ்சை அளவாகப் போடுங்கள். நம் வெயிலில் கறுப்பு வினைல் உறை சுடும் என்பதால் வெளிர் நிறமே சிறந்தது.

வண்டியின் அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் முன்னால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதலைப் பெறுங்கள். தலைக்கவசம் ஓட்டுநருக்குப் போலவே பயணிக்கும் கட்டாயம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேண்டுகோள். வண்டியை வாங்கும்போதோ பட்டறையில் மாற்றும்போதோ, அதில் அமரப் போகிறவரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது அவரை ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் மடியில் ஒரு கைப்பேசியை வைத்து, அதன் முடுக்கமானியைப் பதிவு செய்யும் செயலியை இயக்கினால், எந்த வளைவில், எந்த மேட்டில் எவ்வளவு ஆட்டம் என்பது வரைபடமாகவே வந்துவிடும். உங்கள் வீட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். சுருள்வில்லை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் பதிவு செய்து ஒப்பிடச் சொல்லுங்கள். அறிவியல் செயல்திட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. கூடவே, பாட்டியின் இடுப்பு வலிக்கும் ஒரு வழி பிறக்கலாம்.