கோப்புக்குள் கிடந்த நான்கு முகங்கள்

2003 ஜூன் 5ஆம் தேதி இரவு, மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதியில் கொய்யாத் தோப்பு ஒன்றில் இருந்த குடிசைக்குள் ஒரு கும்பல் புகுந்தது. பணத்தையும் நகைகளையும் பறித்தது. பாலியல் வன்கொடுமை இழைத்தது. ஐந்து பேரைக் கொன்றுவிட்டுச் சென்றது. படுகாயமுற்ற தாயும் ஒரு மகனும் உயிர் பிழைத்தனர். இக்கொடுமைக்காக ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். ஆறு பேருக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனை உச்ச நீதிமன்றம் வரை சென்று உறுதியாயிற்று. பிறகு 2019 மார்ச் 5 அன்று, அதே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, எஸ். அப்துல் நசீர், எம்.ஆர். ஷா ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த ஆறு பேரையும் விடுதலை செய்தது.

இத்தீர்ப்பு பெரும்பாலும் மரண தண்டனை விவாதத்தின் ஓர் அத்தியாயமாகவே வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு பிழையன்று, ஆனால் போதாது. தீர்ப்புக்குள் அதைவிட அடிப்படையான செய்தி ஒன்று இருக்கிறது. கொலை நடந்த ஓரிரு நாட்களிலேயே, உயிர் பிழைத்த அந்தத் தாய், காவல்துறையிடமிருந்த புகைப்படத் தொகுப்பைப் பார்த்து நான்கு பேரை அடையாளம் காட்டினார். அது நிர்வாக நடுவர் முன்னிலையில் பதிவும் செய்யப்பட்டது. அந்த நால்வரில் ஒருவர்கூடப் பின்னர் தண்டிக்கப்பட்ட ஆறு பேரில் இல்லை. நால்வர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. அவர்கள் ஏன் விட்டுவிடப்பட்டார்கள் என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் எதையும் அரசுத் தரப்பு கடைசி வரை தரவில்லை.

வீடு புகுந்து செய்யப்படும் கொலைகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. கொலை வழக்குகள் பலவற்றில் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நிலத்தகராறோ குடும்பப் பூசலோ பழம்பகையோ புலனாய்வுக்கு வழி காட்டிவிடும். அந்நியர் புகுந்த வீட்டில் அந்த இழை அறுந்து போகிறது. இருள், அச்சம், உடலில் விழும் அடி, கண்ணெதிரே பிள்ளைகளின் கதறல் ஆகியவற்றுக்கு நடுவே பார்த்த முகங்களைத் தவிர வேறெதுவும் எஞ்சுவதில்லை. 'யார்' என்ற கேள்வியின் முழுப் பாரமும் பிழைத்தவரின் நினைவின் மீது இறங்குகிறது. நினைவு காலப்போக்கில் மங்குவதோடு நிற்பதில்லை, மாறவும் செய்கிறது. நாளேட்டில் கண்ட முகம், காவல் நிலையத் தாழ்வாரத்தில் கண்ட முகம், கேட்பவர் எதிர்பார்க்கும் முகம் எல்லாம் அந்த இரவின் முகத்தோடு கலந்துவிடுகின்றன. அதனால்தான் அடையாள அணிவகுப்பைத் தாமதமின்றி நடத்த வேண்டும் என்றும், அதற்கு முன் சந்தேகத்துக்குரியவரைச் சாட்சியின் கண்ணில் காட்டலாகாது என்றும் நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் வலியுறுத்தி வந்துள்ளன. அணிவகுப்புங்கூடத் தன்னளவில் முதன்மைச் சான்றன்று; நீதிமன்றத்தில் சாட்சி சுட்டும் அடையாளத்துக்கு அது துணைச்சான்று மட்டுமே.

இந்த அளவுகோலை வைத்து நோக்கினால், நாசிக் வழக்கில் கைவசம் இருந்தவற்றுள் சம்பவத்துக்கு மிக நெருக்கமான அடையாளம் அந்தத் தாய் முதலில் காட்டியதுதான். அது ஒதுக்கி வைக்கப்பட்டது. வாரங்கள் கழிந்து நடந்த அணிவகுப்பையும், ஆண்டுகள் கழிந்து நீதிமன்றத்தில் காட்டப்பட்ட அடையாளத்தையும் நம்பித் தூக்குக் கயிறு முறுக்கப்பட்டது. கூண்டில் நிற்பவரைச் சுட்டிக்காட்டுவது யாருக்கும் எளிது. அங்கே வேறு எவரும் நிற்பதில்லை.

குற்றவியல் நீதி குறித்த நம் பொது விவாதம் இரண்டு முகாம்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு முகாம் பாதிக்கப்பட்டோரின் பெயரால் விரைவான, கடுமையான தண்டனையைக் கோருகிறது. மற்றது குற்றஞ்சாட்டப்பட்டோரின் உரிமைகளைப் பேசுகிறது. பின்னதைப் பேசுவோர், செத்தவர்களுக்கு உரிமை இல்லையா என்ற கேள்வியை எதிர்கொள்ளாத நாளில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துவிடும் என்ற தராசுக் கணக்கு இந்த விவாதம் முழுவதிலும் மறைந்திருக்கிறது. நாசிக் வழக்கு அக்கணக்கைப் பொய்யாக்குகிறது. ஆறு பேரின் வாழ்வை அழித்த செயலும், பிழைத்த தாயின் சொல்லைப் புறக்கணித்த செயலும் ஒன்றே. அவருடைய முதற்சொல் மதிக்கப்பட்டிருந்தால் அந்த ஆறு பேரைப் பிணைக்கும் கயிறு அங்கேயே அறுந்திருக்கும். பாதிக்கப்பட்டவரை யாரும் கேட்கவில்லை என்பதே அந்த ஆறு பேரின் துயரத்துக்கும் தொடக்கம்.

வழக்கு ஏறிய படிகளும் கவனிக்கத்தக்கவை. 2006இல் அமர்வு நீதிமன்றம் ஆறு பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மூவருக்கு அதை உறுதி செய்து, மற்ற மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டையும் நீக்கி, அரசின் மேல்முறையீட்டை ஏற்று, ஆறு பேருக்கும் மரணத்தையே விதித்தது. கூட்டுக்கொள்ளை குறித்த சட்டம் இத்தகைய சமன்பாட்டுக்கு இடம் தருவதுதான். ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொள்ளையில் ஈடுபட, அவர்களில் ஒருவர் கொலை செய்தாலும் அனைவரும் மரண தண்டனைக்கு உரியவராவர் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 396ஆம் பிரிவு சொன்னது; புதிய பாரதிய நியாய சன்ஹிதாவும் அதைத் தொடர்கிறது. யார் வெட்டினார், யார் வாசலில் நின்றார் என்று பிரித்துக் காட்ட வேண்டிய தேவை இல்லாத இடத்தில், கும்பலில் ஒருவர் இருந்தார் என்ற ஒற்றைக் கூற்றே உயிரைத் தீர்மானிக்கிறது. அக்கூற்று எவ்வளவு உறுதியாக மெய்ப்பிக்கப்பட வேண்டும்! நடைமுறையில் நிகழ்வது இதற்கு நேரெதிர். குற்றத்தின் கொடூரம் எவ்வளவு பெரிதோ, அடையாளச் சான்றின் மீதான ஐயம் அவ்வளவு சிறிதாகிவிடுகிறது.

2009 தீர்ப்பு, 1996ஆம் ஆண்டின் ராவ்ஜி வழக்கைப் பின்பற்றியது. தண்டனையை முடிவு செய்யக் குற்றத்தின் தன்மையைப் பார்த்தால் போதும், குற்றவாளியின் சூழலைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ராவ்ஜியின் சாரம். 1980இல் பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு வகுத்த நெறிக்கு இது முரண் என்று, 2009 மே மாதத்திலேயே பரியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. நாசிக் தீர்ப்பு வந்து இரண்டு வாரம்கூட அப்போது முழுதாகக் கழிந்திருக்கவில்லை. 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், இப்பிழையான வழியில் மரண தண்டனை பெற்றவர்களின் தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்கு எழுதினர். அவர்கள் சுட்டிய வழக்குகளில் இதுவும் ஒன்று.

மெச்சத்தக்க முயற்சிதான். ஆயினும் அக்கடிதம் உட்பட அந்த ஆண்டுகளின் விவாதம் தண்டனையின் அளவைச் சுற்றியே நிகழ்ந்தது. தூக்கா ஆயுளா என்று கேட்டவர்கள் பலர். இவர்கள்தாமா என்று கேட்டவர்கள் அரிது. மரண தண்டனையை எதிர்ப்போருங்கூடக் குற்றத்தீர்ப்பைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு, கருணையின் தளத்தில் நின்றே வாதிட்டனர். மரண தண்டனை வழக்குகளின் சீராய்வு மனுக்களை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014இல் முகமது ஆரிஃப் வழக்கில் வகுக்கப்பட்ட விதிதான், மூடிய கதவை மீண்டும் தட்டுவதற்கு வழி செய்தது. 2018இல் 2009 தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு, மேல்முறையீடு புதிதாகக் கேட்கப்பட்டது. அப்போதுதான் நான்கு முகங்களும் கோப்பிலிருந்து வெளியே வந்தன. அந்தச் செயல்முறை விதி ஒன்று இல்லாமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே கடினமாக இருக்கிறது.

ஆறு பேரும் நாடோடிப் பழங்குடியினர். கூலி வேலை செய்து பிழைத்த ஏழைகள். இதை உச்ச நீதிமன்றமே பதிவு செய்து, அவர்கள் பொய்யாகச் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் கூறியது. ஒருவர் சம்பவ நாளில் 18 வயது நிறையாதவர் என்பதும் மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகே தெரியவந்தது. வழக்கின் விடை தெரியாத நிலையில், ஊர் கொதித்துக்கொண்டிருக்கும் வேளையில், நிலையான முகவரியோ வாதாட வசதியோ இல்லாத மக்களை நோக்கிச் சந்தேகம் நகர்வது தற்செயலன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952 ஆகஸ்ட் 31 அன்று நீக்கப்பட்டது. அதன் இடத்தில் மாநிலங்கள்தோறும் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன. காவல் நிலையப் பதிவேடு நீங்கவில்லை. 1911இல் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டதையும், 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. 2024 அக்டோபரில், சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த வழக்கின் தீர்ப்பில், சீர்மரபினரைக் காவல்துறை தன்னிச்சையாகக் கைது செய்யலாகாது என்று உச்ச நீதிமன்றம் எச்சரிக்க நேர்ந்தது. சட்டம் போய் 72 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டிருக்கிறது.

அவசரத்தின் விளைவு எல்லா இடத்திலும் இதே பாதையில் செல்லும் என்று சொல்லிவிட முடியாது. ஹரியானாவின் மேவாத் பகுதியில் 2016 ஆகஸ்ட் 24 இரவு ஒரு வீட்டுக்குள் கும்பல் புகுந்து கணவன் மனைவி இருவரைக் கொன்றது. இளம்பெண்கள் இருவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாயினர். மாநிலக் காவல்துறை விரைவில் நான்கு பேரைக் கைது செய்தது. வழக்கைச் சுற்றி அரசியல் சூடேறியது. புலனாய்வு சிபிஐ வசம் போயிற்று. பிறகு வேறொரு கும்பல் பிடிபட்டது. 2024இல் பஞ்ச்குலா சிபிஐ சிறப்பு நீதிமன்றம் நான்கு பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு மரண தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்ட நால்வரும் முதலில் பிடிக்கப்பட்ட நால்வரும் ஒருவரல்லர். இங்கே திருத்தம் ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் வந்தது. நாசிக்கில் 16 ஆண்டுகள் ஆயின. இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாடு சட்டத்தின் எழுத்தில் இல்லை. மேவாத் வழக்கை மறுபடி பார்க்க இன்னொரு புலனாய்வு அமைப்பு இருந்தது. நாசிக் வழக்குக்கு அது வாய்க்கவில்லை. எல்லா வழக்குக்கும் சிபிஐ வரப்போவதுமில்லை.

எனவே, முதல் 48 மணி நேரத்தில் பிழைத்தவர் சொன்னது எதுவோ, அது எவருக்குச் சாதகமானாலும், குற்றப்பத்திரிகையோடு கட்டாயமாக நீதிமன்றத்துக்கு வந்து சேர வேண்டும். சாட்சி வேறொருவரைச் சுட்டியிருந்தால், அவர் ஏன் குற்றஞ்சாட்டப்படவில்லை என்பதைப் புலனாய்வு அதிகாரி எழுத்தில் விளக்கியாக வேண்டும். விளக்கம் இல்லையேல் விசாரணை தொடங்கலாகாது. இதனால் குற்றவாளிகள் தப்பிவிடுவர் என்ற அச்சம் எழும். நாசிக்கில் இவ்விதி இல்லாதபோதுதான், தாய் சுட்டிய நால்வர் மீது ஒரு கேள்விகூட எழுப்பப்படாமல் 16 ஆண்டுகள் போயின. அந்த நால்வர் உண்மையில் குற்றவாளிகளா என்பதும் அன்றே விசாரித்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.

பொறுப்பு குறித்தும் சட்டத்தில் சொல்லப்பட்டவை குறைவல்ல. ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் காரணத்தை ஆராய்ந்து, தவறிழைத்த புலனாய்வு அதிகாரியை அடையாளம் காண வேண்டும் என்று 2014 ஜனவரியில் கிஷன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. தவறான வழக்குத் தொடுப்புக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டமும் சிறப்பு நீதிமன்றங்களும் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2023இல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாற்றி எழுதப்பட்டபோது அப்பரிந்துரைக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

நாசிக் வழக்கில் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு மகாராஷ்டிர அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. 16 ஆண்டுகளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 86 ரூபாய். கூலித்தொழிலாளிக்கும் கட்டுப்படியாகாத கூலி. தவறிழைத்த அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும், தாய் முதலில் சுட்டிய அந்த நால்வர் குறித்து மேற்கொண்டு புலனாய்வு செய்யவும் அதே தீர்ப்பு பணித்தது. ஆறு பேருக்கும் சிறைக்கதவு திறந்தாகிவிட்டது. கொய்யாத் தோப்பின் ஐந்து கொலைகளுக்கோ, 2003 ஜூனில் இருந்த இடத்திலிருந்தே புலனாய்வு மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.