பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத மென்பொருள்

கேரளத்தில் நெடுமங்காட்டைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது வித்துரா. ஒரு பக்கம் மருதாமலையில் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம். இன்னொரு பக்கம் காட்டுப் பாதையில் போனால் போணக்காடு தேயிலைத் தோட்டம். நொடித்துப்போன அந்தத் தோட்டத்தின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவரும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே கடைத்தெருவுக்கு வந்துபோகும் ஊர் இது. வீட்டுக் கணினியில் எந்த மென்பொருள் இருக்க வேண்டும் என்ற கேள்வியை இங்கிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் அந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது: மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் முடிகிற கட்டற்ற மென்பொருள். வீடுகளுக்குத்தான் அந்த விடை இன்னும் வந்துசேரவில்லை.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். மாநிலத்தின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பிறந்ததும் அதே காலத்தில்தான். முதலில் பள்ளிகளில் விண்டோஸும் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் லினக்ஸ் மட்டும் என்றானது. 2017இல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை அது தொகுத்துத் தருகிறது. படம் வரைய ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும், எழுத லிப்ரே ஆபீஸ், கணக்குக்கு ஜியோஜீப்ரா என்று எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

ஆட்சி மாறினால் திட்டமும் மாறும் நாட்டில் இது எப்படி நிலைத்தது? ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பத்தாண்டுகள் உழைத்துத் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் அரசின் எல்காட் நிறுவனத்தை ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வகித்தபோது சூசே லினக்ஸ் வேகமாகப் பரவியது. அவர் மாற்றப்பட்டதும் அந்த வேகம் போயிற்று. கேரளத்திலோ இடது, வலது முன்னணிகள் மாறி மாறி வந்தும் லினக்ஸ் அசையவில்லை. அங்கே மென்பொருளைப் பாடநூலோடும் செய்முறைத் தேர்வோடும் ஆசிரியர் பயிற்சியோடும் கட்டிப்போட்டார்கள். தேர்வில் வருவதை எந்த அமைச்சராலும் ஓசையில்லாமல் எடுத்துவிட முடியாது. இதை நான் பெரிய சாதனையாகவே பார்க்கிறேன். தமிழ்நாட்டிலும் மேல்நிலைக் கணினிப் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது, பிறகு ஓப்பன் ஆபீஸ் வந்தது. 2011 முதல் தரப்பட்ட விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால், அதைத் திறந்துதான் ஆக வேண்டும் என்ற தேவை எந்த வகுப்பிலும் எழவில்லை.

கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் என்று வைத்து, இரண்டு லட்சம் கணினிகளுக்கு 3,000 கோடி மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. மொத்தமாக வாங்கும் எந்த அரசும் முழு விலை கொடுக்காது என்பதால் அந்தத் தொகையை நான் அப்படியே ஏற்கவில்லை. பணத்தைவிடப் பெரிய ஆதாயம், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு லினக்ஸ் திரை அந்நியமாக இல்லை என்பதுதான்.

அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனால் கதை வேறு. வீட்டில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் கையாக வாங்கிய கணினி. சர்வீஸ் கடையில் ஃபார்மேட் அடித்து, கிராக் செய்த விண்டோஸைப் போட்டு, கூடவே இலவச ஆன்டிவைரஸ் ஒன்று, வேகத்தைக் கூட்டும் ‘கிளீனர்’ ஒன்று, டிரைவர் தேடும் நிரல் ஒன்று என்று நிரப்பிக் கொடுத்திருப்பார்கள். கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. வாடிக்கையாளர் கேட்பது அதைத்தான்.

ஆனால், அந்த இலவசங்களின் வரலாற்றை வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியின் குப்பையைக் கூட்டித் தள்ளும் சிகிளீனர் நிரலின் ஒரு பதிப்பில் 2017இல் உளவு நிரல் புகுத்தப்பட்டது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அது ஏறத்தாழ ஒரு மாதம் விநியோகமானது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறியது. இந்திய வீடுகளில் பரவலாக இருந்த அவாஸ்ட் இலவச ஆன்டிவைரஸ், பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்ட, அதன் துணை நிறுவனம் ஒன்று அதை விற்றது. 2020இல் அது அம்பலமானது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட்டை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்த நிரலே வீட்டு விவரத்தை வெளியில் கொண்டுபோன கதை இது. ஒரு நிரலைப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைச் செய்கிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதே.

இப்போது இன்னொரு நெருக்கடியும் வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனருக்கு அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்கு இணையான பிராசசரும் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. அவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பத் தேவையில்லை. ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிச் செருகி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுக்கலாம்.

விண்டோஸிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கும் கட்டற்ற உலகம் நிறையத் தருகிறது. சுருக்கிய கோப்பைப் பிரிக்க 7-ஜிப், வீடியோ பார்க்கப் பாரிஸ் அருகே கல்லூரி மாணவர்கள் தொடங்கிய விஎல்சி, கடவுச்சொற்களைப் பூட்டிவைக்க கீபாஸ். இவற்றில் விளம்பரம் கிடையாது. நான் அதிகம் பரிந்துரைப்பது ஃபோட்டோரெக். கேமராவின் மெமரி கார்டிலிருந்து கல்யாணப் படங்கள் அழிந்துபோனால் வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். உண்மையில் ‘டெலீட்’ அழுத்தும்போது படம் அழிவதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக் குறிப்பு மட்டும் நீங்குகிறது; அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை படம் அங்கேயே கிடக்கும். ஃபோட்டோரெக் அட்டவணையைப் பார்க்காமல் கார்டை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போகிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான சில பைட்டுகளோடு தொடங்கும். அந்த அடையாளம் தென்பட்டதும் அங்கிருந்து படத்தை எடுத்து வேறு இடத்தில் சேமிக்கிறது. கோப்பின் பழைய பெயர் திரும்பாது, படம் பெரும்பாலும் திரும்பிவிடும். செய்ய வேண்டியது ஒன்றே: தொலைந்தது தெரிந்த நொடியில் கார்டைக் கழற்றிவிட வேண்டும், இன்னொரு படம்கூட எடுக்கக் கூடாது. இதே வேலைக்கு ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்யும் பல நிரல்கள், படங்களைத் திரையில் காட்டிவிட்டு, எடுத்துக்கொள்ளப் பணம் கேட்கும்.

வித்துரா போன்ற இடத்தில் மொழி இன்னொரு விஷயம். வீட்டில் தமிழ், பள்ளியிலும் அலுவலகத்திலும் மலையாளம். கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் மலையாளத்தை இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் அடிக்கப் பழகுகிறார்கள். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட பலகை அது. மலையாள ‘க’ எந்த விசையில் இருக்கிறதோ அதே விசையில்தான் தமிழ் ‘க’வும். மலையாளம் அடிக்கும் விரல்கள் மொழியை மட்டும் மாற்றிக்கொண்டு அன்றைக்கே தமிழும் அடிக்கலாம். பாட்டிக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பேத்தி அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். பழைய அச்சுத் தாளைப் படமெடுத்து எழுத்தாக்கும் டெசராக்ட் இரு மொழிகளையும் படிக்கிறது. எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. யாராவது எடுத்துச் சொன்னால்தானே தெரியும்?

எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லவில்லை. டேலியில் கணக்கு எழுதும் கடைக்கும், ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவுக்கும் மாறுவது கடினம். கட்டற்ற மென்பொருளுக்குள்ளும் கள்ளன் நுழைகிறான். லினக்ஸ் அமைப்புகளின் அடியில் இருக்கும் எக்ஸ்இஸட் என்ற சிறு நிரலில் புறவாசல் வைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் தெரியவந்தது. தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஆன்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் காரணத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போக முடிந்தது. மூடிய நிரலில் அந்தத் தேடல் கதவருகிலேயே நின்றிருக்கும்.

எங்கிருந்து இறக்குவது என்பதும் பெரிய கேள்வி. 2022இல் பல மாதங்கள் விஎல்சியின் அதிகாரபூர்வத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. இணையச் சுதந்திர அறக்கட்டளையின் உதவியோடு சட்டரீதியாகப் போராடிய பிறகு, நவம்பரில்தான் தடை நீங்கியது. அதுவரை தேடியவர்களுக்கு எதிர்ப்பட்டவை கண்ட கண்ட தளங்கள். சில ஜிபி அளவுள்ள இயங்குதளத்தை மொபைல் டேட்டாவில் இறக்குவதும் மலையடிவாரத்து வீட்டுக்கு எளிதல்ல.

ஆகவே, நல்ல பிரதி ஊரிலேயே இருக்க வேண்டும். அதற்கான கட்டமைப்பு கேரளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஊருக்கு ஊர் கிரந்தசாலை எனப்படும் நூலகம் இருக்கிறது, அரசு விண்ணப்பங்களுக்கு அட்சயா மையம் இருக்கிறது. பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்கள் இருக்கின்றன. மென்பொருள் சுதந்திர நாளையொட்டி அவர்களை வைத்தே பொதுமக்களின் கணினிகளில் லினக்ஸ் நிறுவும் முகாம்களும் நடந்திருக்கின்றன. ஆண்டுக்கொரு நாள் போதாது. மாதம் ஒரு சனிக்கிழமை, ஊர் நூலகத்தில், ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் அந்தப் பிள்ளைகள் உட்காரட்டும். வருகிறவரின் கோப்புகளை முதலில் வெளி டிஸ்க்கில் படியெடுத்துவிட்டு, பிறகு கை வைக்கட்டும். சர்வீஸ் கடைக்காரர்களையும் அழைத்து, சரிபார்த்த நிரல்கள் கொண்ட பென் டிரைவை அவர்கள் கையில் கொடுக்கட்டும். நிறுவித் தருவதற்கு அவர்கள் கூலி வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. போணக்காட்டுக்குத் தமிழ் தெரிந்த பிள்ளைகளே போகட்டும். கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகம் இதைப் பார்த்து எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்து நூலகங்களிலும் தொடங்கலாம்.