வராத அலைக்குச் செலவா?



“இந்தக் கரைக்குச் சுனாமி எத்தனையோ தலைமுறைக்கு ஒரு தரம்தான் வரும். வராத அலைக்காகப் பொதுப்பணத்தைச் செலவு செய்வது கடலில் பெருங்காயம் கரைப்பதுதானே?” என்று சிக்கனக்காரர்கள் கேட்கின்றார்கள். “வந்தால் அது விதி. மனிதன் என்ன செய்ய முடியும்?” என்று பக்தர்கள் சொல்லுகின்றார்கள். இருவர் பேச்சும் வேறு வேறாகத் தோன்றினாலும், இரண்டின் முடிவும் ஒன்றே. அதாவது, கரையிலிருப்பவன் பாடு அவனோடு போகட்டும் என்பதேயாகும்.

முதலில் விதியைப் பார்ப்போம். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, நமது கடிகாரப்படி காலை 6-29 மணிக்குச் சுமத்ரா தீவுக்கருகில் கடலடியில் பூமி பிளந்தது. தமிழ்நாட்டுக் கரையை அலை எட்டியபோது மணி ஏறக்குறைய 9. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்நேரத்தில் ஒரு கிழவி மெல்ல நடந்திருந்தாலும் அலை எட்டாத தூரம் போயிருக்கலாம். ஆனால் நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6000 பேருக்கு மேல் மாண்டனர். கொல்லத் துணிந்த விதி இரண்டு மணி நேரம் அவகாசம் கொடுப்பானேன்? அவகாசம் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. கடலுக்குக் கோபம் என்றால், அதைத் தாயென்று கும்பிட்ட மீனவர் பிள்ளைகளையும், வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களையுமா அது தேடிப் பிடிக்க வேண்டும்?

சொல்ல ஆளில்லாமற் போனதற்குக் காரணம் என்ன? பசிபிக் சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு பல வருஷங்களாகவே இருந்தது. இந்து மகாசமுத்திரத்துக்கு இல்லை. இங்கே அபாயம் குறைவு என்று எல்லோரும் நினைத்திருந்ததே காரணம். சிக்கனக்காரர்களின் வாதம் அன்றைக்கே நடைமுறையில் இருந்தது. அதன் பலனைத்தான் பிணங்களாக எண்ணினோம்.

நிற்க, அபாயம் குறைவு என்பது வாஸ்தவந்தான். தாய்லாந்தின் ப்ரா தோங் தீவில் மண்ணைத் தோண்டிப் பார்த்த விஞ்ஞானிகள், இதற்கு முந்திய இத்தகைய பேரலை சுமார் 600 வருஷங்களுக்கு முன் வந்திருக்க வேண்டுமெனக் கண்டனர். ஆனால் குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. சுமத்ராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரபிக் கடலைப் பார்த்திருக்கும் கொல்லம் ஜில்லா ஆலப்பாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்களே! அலை இலங்கையைச் சுற்றி வளைந்து வந்து குளச்சலை அடித்ததே! “நமது கரை அந்தப் பக்கம் இல்லை” என்று சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கின்றது?

ஆயினும் கரை நெடுகக் கோடிக்கணக்கில் சுவர் எழுப்புங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அபாயம் குறைந்த கரையில் அது வீண் செலவே. அங்கே பணம் செலவாக வேண்டியது இரண்டே காரியங்களுக்குத்தான். ஒன்று, செய்தி கடைசிக் குடிசை வரையில் போய்ச் சேருவது. மற்றொன்று, எந்தப் பக்கம் ஓடுவது என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பது.

சுமத்ராவை அடுத்த சிமெலூ தீவில் 1907-ல் வந்த பேரலையின் கதையைத் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்தால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004-ல் அலை அங்கே சில நிமிஷங்களிலேயே வந்தது. என்றாலும் சுமார் 78,000 ஜனங்களில் இறந்தவர் ஏழே பேர். புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டிலோ, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு டெலிபோன் செய்தியை ஊர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஜனங்கள் வெளியேறித் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கி சுனாமிக்கென்று வாங்கியதல்ல. அன்றாடம் கடல் நிலையைச் சொல்ல வைத்திருந்ததே அன்று உயிரைக் காத்தது.

இன்று ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை நிலையம் வேலை செய்கின்றது. அது அலறினாலும் கிராமத்தின் ஒலிபெருக்கி ஊமையாயிருந்தால் என்ன பிரயோஜனம்? ஒடிஸாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்னும் இரண்டு கிராமங்கள் வழிப்பலகை, படம், ஒத்திகை எல்லாம் ஏற்படுத்திக்கொண்டு 2020-ல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன. நமது கிராமங்களுக்கு அது முடியாதா? இதே ஒலிபெருக்கியும், பாதையும், தங்குமிடமும் புயலுக்கும் உதவும். புயல் அறுநூறு வருஷம் காத்திருப்பதில்லையே!

ஊர் தினமும் தீப்பற்றுவதில்லை. அதற்காகத் தீயணைப்பு நிலையத்தை மூடு என்று பட்டணத்தில் எவனும் சொல்லுவதில்லை. மீனவன் குடிசைக்கு வரும்போதுதான் “வீண் செலவு” என்னும் கணக்குப் பிறக்கின்றது. கும்பாபிஷேகத்துக்கும் வாணவேடிக்கைக்கும் லட்சக்கணக்கில் கொட்டும்போது இந்தக் கணக்கு எங்கே போய்விடுகின்றது?

வருஷந்தோறும் டிசம்பர் 26-ந் தேதி கடலில் பாலூற்றிப் பூத்தூவி அழுகின்றோம். இழந்தவர்கள் அழுவதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அன்றைக்கே ஒலிபெருக்கியில் ஒரு குரல் கொடுத்து, குழந்தை குட்டிகளோடு மேட்டுக்கு ஒருதரம் நடந்து பாருங்கள். கிழவர்களை யார் தூக்குவது, எந்தப் பாலம் இடிந்திருக்கின்றது என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். தெரிந்ததை எழுதி, இன்னது வேண்டுமென்று சர்க்காரிடம் உரிமையோடு கேளுங்கள். கடலில் ஊற்றும் பால் இறந்தவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. அன்று நடந்து பழகும் பாதையோ உங்கள் பேரன்களுக்காவது உதவும்.