போன்சாய் என்று புலம்புவோருக்கு

நம்மைப் போன்சாய் மரமென்று பாடாத புலம்பெயர் கவிஞர் குறைவு. நண்பர்களே, ஒரு போன்சாயையாவது அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

நான் கோப்பை கழுவும் உணவகத்தின் குசினிக்குப் பின்னால் ஒரு ஜப்பானிய மேப்பிள் நிற்கிறது. சமையற்காரர் வளர்ப்பது. இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை, வசந்தத்தில் துளிர் விடுமுன், தடித்த வேர்களை வெட்டுவார், நுண்வேர் பெருகுவதற்காக. சோடி மொட்டுக்குச் சற்று மேலே கிளையை நறுக்குவார். சுற்றிய கம்பி பட்டையில் பதியுமுன் கழற்றிவிடுவார். கோடையில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் இலையோரம் கருகும். லீவு நாளிலும் வருவார். பனி கொட்டியபோது, “பாவம், உள்ளே வைப்போமே” என்றேன். “உள்ளே வைத்தால் செத்துவிடும். அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும்” என்றார்.

நமது வேரை வெட்டியவர்களில் எவர் இப்படித் தண்ணீர் ஊற்றினார்? வெட்டியவனுக்குத் தோட்டக்காரன் என்று பட்டம் சூட்டும் இந்த உவமையை இனியாவது விட்டுவிடுங்கள்.