முதல் போட்டவள் முதலாளியா?

"வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யலாம்" என்று யாராவது உங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னால், முதலில் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். பாவம், வெயிலில் வந்திருப்பார். அவர் குடித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தொழிலுக்கு முதல் யாருடையது?"

எங்கள் சித்தையன்கோட்டைக்குப் பழகிய தொழில் வயலும் நெல்லும்தான். சில வருஷங்களாகப் புதிய தொழில் ஒன்று பெட்டியில் வந்து இறங்குகிறது. ஆரி வேலைக்கு வேண்டிய வளையம், ஊசி, ஜர்தோசி, சம்கி, பாசிமணி, பட்டு நூல் எல்லாம் அந்தப் பளபளக்கும் பெட்டிக்குள் இருக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கிய நிமிஷத்தில் வாங்கியவள் கம்பெனிக்குப் 'பங்காளி' ஆகிவிடுகிறாள். (பங்காளி என்றால் எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும். அது கிடக்கட்டும்.) மாதாமாதம் இவ்வளவு சரக்கு எடுத்தால்தான் பங்காளித்தனம் நீடிக்கும். அத்துடன் ஐந்து பேரைத் தனக்குக் கீழே சேர்த்துவிட வேண்டும்; அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்ப்பார்கள்; பிறகு வீட்டில் லக்ஷ்மி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுவாள்!

ஆரி வேலை மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை. கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் கை நோக ஒரு மயிலை உட்கார வைக்கிறவளுக்கு அதற்குரிய கூலி கிடைக்க வேண்டும் என்பதே என் கட்சி. வேலை வேறு, பெட்டி வேறு. வேலையைக் காட்டிப் பெட்டியை விற்கிறார்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பக்கத்திலிருக்கும் சின்னாளபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ச் செயற்கைப் பட்டுச் சேலை ஒரு காலத்தில் தமிழ்நாடெங்கும் பிரசித்தம். அங்கே வீட்டுக்குள்தான் தறி. மாஸ்டர் வீவர் பாவும் ஊடைநூலும் கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. அந்தக் கூலி போதாதென்று பல தலைமுறையாக நெசவாளிகள் முறையிட்டதுண்டு. பாவு கிடைக்காமல் அடுப்பு அணைந்த நாட்களும் உண்டு. ஆனாலும் நெய்த சேலை விற்கவில்லை என்றால் நஷ்டம் முதல் போட்டவருடையது. அதனால்தான் அவருக்கு முதலாளி என்று பெயர். பெட்டிக்காரக் கம்பெனியோ அந்தப் பழைய முதலாளியையும் தர்மப் பிரபுவாக்கிவிட்டது! இங்கே முதல் அவளுடையது, நஷ்டம் அவளுடையது, விற்காத சரக்கு அவள் பீரோவில். ஆனால் அவள் முதலாளியும் இல்லை, கூலியாளும் இல்லை. பச்சையாகச் சொன்னால் அவள் வெறும் வாடிக்கைக்காரி. கம்பெனியின் வியாபாரம் அவளிடம் பெட்டியை விற்றபோதே முடிந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வரிசையில் ஒருத்தி. அவள் கீழே 5. பிறகு 25, 125, 625, 3,125, 15,625. எட்டாவது வரிசையில் 78,125 பேர் வேண்டும். எங்கள் பேரூராட்சியில் தொட்டில் குழந்தையையும் சேர்த்து எண்ணினாலும் அத்தனை பேர் தேறமாட்டார்கள். தேறினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மேலே உள்ள ஏழு வரிசையையும் கூட்டினால் 19,531. அதாவது ஐந்தில் நாலு பேர் கடைசி வரிசையில், கீழே ஒருவரும் இல்லாமல் நிற்கிறார்கள். இது சோம்பேறித்தனத்தினால் வந்த தோல்வியா? 'நீ சரியாக உழைக்கவில்லை' என்று அவளிடம் சொல்லுகிறார்களே, அந்தப் பேச்சுத்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

வெளிநாட்டுக் கதையும் இதுதான். அமெரிக்க அரசின் பெடரல் டிரேட் கமிஷன், இம்மாதிரி 70 கம்பெனிகள் தாமே வெளியிட்ட வருமான விவரங்களைப் பரிசீலித்து 2024-ல் ஓர் அறிக்கை தந்தது. சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வருஷத்துக்குக் கிடைத்தது 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழே. அந்த விவரங்களில் பெரும்பாலானவை கைச்செலவைக் கழிக்காதவை.

டப்பர்வேர் கம்பெனியில் பிரௌனி வைஸ் என்ற அம்மாள் இருந்தார். வீட்டு விருந்து வைத்து டப்பா விற்கும் முறையைப் பெரிதாக வளர்த்தவர் அவர்தான். அந்த முறையை நம்பி 1951-ல் கம்பெனி கடை விற்பனையையே விட்டது. 1954-ல் 'பிஸினஸ் வீக்' பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது; அந்தப் பத்திரிகையின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1958-ல் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். கம்பெனியில் அவருக்கு ஒரு பங்குகூடக் கிடையாது. அதே வருஷம் கம்பெனி 1 கோடியே 60 லட்சம் டாலருக்குக் கைமாறியது. மலையுச்சியில் நின்றவளுக்கே இந்தக் கதி!

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் மாவட்டத்து நிலக்கோட்டையில் 2015-ல் ஆம்வே கம்பெனி ஆலை திறந்தது. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அந்நிறுவனத்தின் 757 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துக்களை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்து நிலமும் ஆலைக் கட்டிடமும் அதில் அடக்கம். சங்கிலி முறை மோசடி என்றது துறை. சட்டப்படி நடப்பதாகச் சொன்னது கம்பெனி. தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. ஆனால் ஒன்று பாருங்கள். ஆலைக்குள் சரக்குச் செய்கிறவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. அதைப் பையில் சுமந்து வீடு வீடாக ஏறுகிறவருக்கு அந்த நிச்சயம் இல்லை.

சட்டம் தூங்குகிறதா என்றால், அதுவுமில்லை. சேர்வதற்குக் கட்டணமோ, செய்துகாட்டும் சாமான்களுக்கு விலையோ கட்டச் சொல்லக் கூடாது என்று மத்திய அரசின் 2016-ம் வருஷத்து வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பிரமிட் முறையை 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன. விதிகள் டில்லியில் இருக்கின்றன. பெட்டி சித்தையன்கோட்டைக்கு வந்துவிட்டது.

என் உறவில் ஒருத்தி இப்படிப் பெட்டி வாங்கினாள். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. யாரிடம் விற்றாள்? நாத்தனாரிடம், ஓரகத்தியிடம், பள்ளிக்கூடத் தோழியிடம். எங்கள் சீமையில் மொய் எழுதுகிறவர்கள் நோட்டில் பேரும் தொகையும் எழுதி வைப்பார்கள். இன்று வாங்கினது நாளை திரும்பும். இந்த வியாபாரத்தில் உறவினர் தாட்சண்யத்துக்குக் கொடுத்த பணம் கம்பெனிக்குப் போகிறது. மனத்தாங்கல் மட்டும் ஊரில் தங்குகிறது. இப்போது அவளைக் கண்டால் தெருவில் இரண்டு பேர் கதவைச் சாத்துகிறார்கள்.

நான் மேற்படி கணக்கையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். அவள் கேட்டாள்: "அக்கா, நீங்க கணக்குச் சொல்றீங்க. திண்டுக்கல் கூட்டத்திலே என்னை மேடைக்குக் கூப்பிட்டு, என் பேரைச் சொல்லிக் கை தட்டினாங்க. கலியாணமாகி வந்த இருபது வருசத்திலே இந்த வீட்டிலே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது யாரு?"

பெட்டிக்குள் இருந்த சரக்கிலேயே விலையுயர்ந்தது அந்தக் கைதட்டல்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. சம்கியும் பாசிமணியும் மதுரையில் கிடைக்கும். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் பேரம் பேசி, வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்கலாம். ஐந்து பேரைச் சேர்த்துவிடு என்று கடைக்காரர் கேட்கமாட்டார். கைதட்டல் அங்கே கிடைக்காது. ஆகவே, இதைப் படித்துவிட்டு "நான் அப்போதே சொன்னேனே" என்று மீசையை முறுக்கும் கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை: அவள் தைத்த ரவிக்கையை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்த்து, இதற்கு என்ன கூலி வாங்கினாய், குறைவாயிற்றே என்று நீங்கள் கேட்டிருந்தால், அந்தக் கூட்டத்துக்கு அவள் பஸ் ஏறியிருக்கமாட்டாள்.

மற்றபடி கம்பெனிக்காரர்களிடம் என் வழக்கு மிகச் சுலபமானது. முன்னெல்லாம் தவணைக்கு ஜவுளி கொடுக்கிறவர் சைக்கிளில் மூட்டையோடு வருவார். சேலையை நம்பிக் கொடுத்துவிட்டு மாதாமாதம் வசூலுக்கு வருவார். அவரிடம் மேடையும் இல்லை, மாலையும் இல்லை. முதல் மட்டும் அவருடையதாக இருந்தது. உங்கள் சரக்கு அவ்வளவு உயர்ந்ததென்றால் நீங்களும் பெட்டியை அவள் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விற்றதற்குப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். விற்காததைத் தூக்கிக்கொண்டு போங்கள். கணக்குப் பார்க்க அடுத்த மாதம் வாருங்கள்.